பிளக் ஒயரும் வசந்தாவின் பதினைந்து நிமிடமும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். கெட்டுப்போனதைச் சரிசெய்பவன் மெக்கானிக். கெடாததைச் சரிசெய்பவன் நான். இந்தக் குணத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் இரண்டு மேசை விசிறிகளும் பலியாகியிருக்கின்றன. அவற்றையெல்லாம் என் மனைவி வசந்தா எப்போதோ மன்னித்துவிட்டாள். கார் விஷயம் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மீஞ்சூரில் குடியிருந்தோம். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை. எங்கள் மேனேஜர் வடக்கே மாற்றலாகிப் போனபோது தன் பழைய கருப்பு அம்பாசிடரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். (தலையில் கட்டினார் என்பது வசந்தாவின் சொல். நான் அதைப் பரிசு என்றே நினைத்தேன்.) சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை.

எங்கள் ஆலை ஸ்டோரில் ஒருவர், இஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போகும் ஒயரைத் தடிமனாகப் போட்டால் தீப்பொறி கனமாக விழும், வண்டி பறக்கும் என்றார். அவரிடம் சைக்கிள்தான் இருந்தது. ஆனாலும் நம்பினேன். சுண்டுவிரல் பருமனுக்குச் செம்பு ஒயர் வாங்கி, நாலு பிளக்குக்கும் நாலு, நடுவில் போவது ஒன்று என்று அளந்து வெட்டிக்கொண்டு, பொன்னேரியில் இருந்த மெக்கானிக்கிடம் போனேன். ஆந்திரா பக்கத்து ஆள். எல்லாரையும் நைனா என்பார்.

"நல்லா ஓடிக்கினு கீற வண்டில இன்னாத்துக்கு நைனா கை வெக்கிறே?" என்றார்.

நான் கரண்ட்டைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தேன். (மின்சாரம் படித்தவன் வாய் திறந்தால் லேசில் மூடாது.) ஒயரின் நுனியில் பிளக்கோடு சேரும் இடத்தில் கருப்பாக ஒரு மூடி இருக்கும். அதற்குள் கரண்ட்டைத் தடுக்கும் சின்னத் துண்டு ஒன்று உண்டு. அந்த நாலு மூடிகளையும் கழற்றி எறியச் சொன்னேன்.

"வேணாம் நைனா. அது ரேடியோவுக்கோசரம் வெச்சது."

"என் கார்ல ரேடியோவே இல்லையே" என்றேன் வெற்றியோடு.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, என் ஒயர்களை மாட்டினார். கார் முன்பு போன அதே வேகத்தில்தான் போனது. எனக்கு மட்டும் பறப்பதாகத் தோன்றியது.

இனி வசந்தா. அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். ரேடியோவில் பெண்களுக்கான மதிய நிகழ்ச்சியில் இறால் ஊறுகாய் பற்றிப் பேச வாய்ப்புக் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். கூப்பிட்டுவிட்டார்கள். பட்டணம் போய்ப் பேசிப் பதிவுசெய்துவிட்டு வந்தாள். ஒலிபரப்பு இரண்டு வாரம் கழித்து. பதினைந்து நிமிடம், ஒரே ஒரு தடவை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் டேப் ரிக்கார்டர் யாரிடமும் கிடையாது. அந்த வேளையில் கேட்டால் உண்டு, விட்டால் போச்சு.

அன்று நான் லீவு போட்டேன். பழவேற்காட்டுக்குக் காரை எடுத்துப்போய் மாமியாரையும் மச்சான் ஏழுமலையையும் கூட்டி வந்தேன். மகள் பேசுவதை ரேடியோவில் கேட்க மாமியார் புதுப்புடவை கட்டியிருந்தார். வீட்டுக்குள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். காரை ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அது என்ன அழகாக ஓடுகிறது என்று தெரு தெரிந்துகொள்ளட்டுமே.

ரேடியோவைப் போட்டார்கள். பொரிகடலை வறுக்கிற சத்தம். அதற்கு அப்பால், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"வசந்தாவா அது?" என்றாள் ஒருத்தி.

"யாருன்னே தெர்ல. ஒரே கரகரன்னுது."

வசந்தா என்னைப் பார்த்தாள். மின்சாரம் தெரிந்த கணவனுக்கு இதைவிட நல்ல தருணம் எது? "ஏரியல்தான். ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறினேன்.

மூங்கிலில் கட்டியிருந்த ஏரியலைக் கிழக்கே திருப்பினேன். "இப்ப?" என்று கத்தினேன். "இல்ல" என்று பதில் வந்தது. மேற்கே திருப்பினேன். "இல்ல." பிறகு மூங்கிலையே பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மாடியை மூன்று சுற்றுச் சுற்றினேன். உச்சி வெயில். எதிர்வீட்டுக்காரர் தன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

கீழே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியாரின் குரல் கேட்டது. "மாப்ள, வண்டிப் பொகை உள்ளார வருது. நிறுத்துங்களேன்."

"கொஞ்சம் பொறுங்கத்த, இப்ப ரேடியோதான் முக்கியம்."

அவர் இரண்டாம் முறையும் சொன்னார். நான் இரண்டாம் முறையும் பொறுக்கச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் என்னிடம் சொல்லவில்லை. "டேய் ஏழுமல, கண்ணு எரியுது. போய் நிறுத்திட்டு வாடா" என்றார்.

ஏழுமலை போய்ச் சாவியைத் திருப்பினான். அடுத்த நொடி வீடு முழுக்க வசந்தாவின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல நிறைந்தது.

"...ஈரக் கரண்டி படாமப் பாத்துக்கணும். வணக்கம்."

அவ்வளவுதான். வாத்திய இசை வந்துவிட்டது.

"பாத்தீங்களா? வடக்க பாத்துப் புடிச்சதும் சரியாப்போச்சு" என்று நான் மாடியிலிருந்து சொன்னேன். என் குரலில் அடக்கம்கூட இருந்ததாக ஞாபகம்.

ஏழுமலை மறுபடி வண்டியை ஸ்டார்ட் செய்தான். பொரிகடலை. அணைத்தான். வாத்தியம். ஸ்டார்ட் செய்தான். பொரிகடலை. அணைத்தான்.

"மாமா, மெதுவா எறங்கி வாங்க" என்றான்.

ரேடியோவுக்கோசரம் என்று மெக்கானிக் சொன்னது என் காரின் ரேடியோவை அல்ல, ஊரார் ரேடியோவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீப்பொறியின் இரைச்சல் ரேடியோக்களில் ஏறாமல் தடுக்கும் அந்த மூடியில்லாத என் ஒயர்கள் ஐந்தும் சேர்ந்து ஜன்னலுக்கு நேராக நின்று வசந்தாவை இரைந்து அடக்கியிருக்கின்றன. நான் இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். ஏணிக்குப் பன்னிரண்டு படி. ஒவ்வொன்றையும் எண்ணினேன்.

தெருப் பெண்கள் கலைந்து போனார்கள். வசந்தா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலு தெரு தள்ளி போஸ்ட்மாஸ்டர் ஊட்ல கணீர்னு கேட்டுச்சாம். அவங்க சம்சாரம் வந்து சொல்லிட்டுப் போறாங்க" என்றாள். மோரை ஊற்றிக்கொண்டே, "எங்கம்மா, நான் இன்னா பேசுனேன்னு கேக்குறாங்க. நீங்களே சொல்றீங்களா?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஈரக் கரண்டி மட்டும்தான். வசந்தாவே எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துவந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். முடிந்ததும், "புளி கொஞ்சம் கூட" என்றார்.

மறுநாளே பொன்னேரிக்குப் போனேன். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். பழைய ஒயர்களையும் மூடிகளையும் அதில் பத்திரமாக வைத்திருந்தார்.

அடுத்த வருடம் ரேடியோவில் வசந்தாவை மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒலிபரப்பு அன்று என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அவள் துணியவில்லை. நான் புதுவாயலில் ஒரு டீக்கடையில், காரை ரொம்ப தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவந்து, நின்றபடியே கேட்டேன். நன்றாகத்தான் பேசினாள். பக்கத்தில் இருந்தவரிடம் அது என் சம்சாரம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இப்போது அந்தக் காரும் இல்லை, அந்த ரேடியோவும் இல்லை. ஆனால் வீட்டில் வசந்தா ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், பேத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தாத்தா, இஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்கிறாள்.

நானும் அணைத்துவிடுகிறேன்.