இணைப் புரதத் தீர்மானம்

நரம்பு செல்லை ஆராய்ந்தது உலகம். அதைச் சட்டமாக்கிய பெருமை ராஜபாளையம் தெற்குத் தெரு நல்வாழ்வு மன்றத்தையே சேரும். தலைவர் அடியேன்.

1999 சித்திரையில் சோலைராஜின் மகள் பரிபூரணம் மன்றத்தில் "சொற்பொழிவு" ஆற்றினாள். நரம்பு செல்லில் சேதி வாங்கும் புரதம் ஒன்று உண்டாம். அது தனியாகச் செல்லின் வெளிச்சுவருக்கு வராதாம். உள்ளேயே அடைந்து கிடக்குமாம். இன்னொரு புரதம் ஜோடி சேர்ந்தால்தான் வெளியே வருமாம். போன வருஷம்தான் கண்டுபிடித்தார்களாம். கடைசியில், "திங்கக்கிழமை பெங்களூர்ல ஆராய்ச்சி வேலையில சேரணும். அன்னைக்குப் போகலைன்னா இடம் போயிரும்" என்றாள்.

நான் எழுந்தேன். "தனியா வெளிய வராதுன்னு நீதானம்மா சொன்னே?"

"அது புரதம், மாமா."

"விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது."

பொருளாளர் வைகுண்டராஜ் கண் கலங்க வழிமொழிந்தார். 'ஜோடியின்றி எவரும் ஊர் எல்லை தாண்டலாகாது' என்று தீர்மானம் நிறைவேறியது. "மாப்பிள்ளை அமையட்டும், பொறவு போகலாம்" என்றார் சோலைராஜ். அந்தப் பிள்ளை அழுதது. அறிவியலின் வெற்றி கண்டு அழுகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் என் மனைவி சண்முகத்தாயிடம் விளக்கினேன். வாக்கப்பட்டு வந்த நாளாக அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரைத் தாண்டிப் போனதில்லை. பெங்களூரில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "பார்ப்போம்" என்று நானும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"அந்த ஜோடியில ஒண்ணு ஆம்பளையா?" என்றாள்.

"புரதத்துல ஏதுட்டி ஆம்பளை பொம்பளை? ரெண்டு இருக்கணும், அம்புட்டுதான்."

"சரி" என்று சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சேதி வந்தது. ஓடினேன். மதுரை பஸ்ஸில் பரிபூரணமும் சண்முகத்தாயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சோலைராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தீர்மானப்படி ரெண்டு பேர் இருக்காக. நான் என்னன்னு தடுக்க?" என்றார்.

பஸ் உறுமியது. நான் படியில் கால் வைத்தேன். வைகுண்டராஜ் என் சட்டையைப் பிடித்தார். "தலைவரே, ஒத்தையா இருக்கீக. எல்லை தாண்டப்படாது."

"அப்ப நீ வாய்யா ஜோடியா."

"எனக்குத்தான் வீட்டுல ஒண்ணு இருக்கே."

ஜன்னல் வழியாகச் சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். "உள்ளயே கெடங்க. ஒத்தைப் புரதமா அடைஞ்சு கெடந்தா எப்படியிருக்கும்னு நான் இத்தனை வருசம் பார்த்துட்டேன். கொஞ்ச நாள் நீங்களும் பாருங்க."