மிக்ஸியோடு கடைக்குப் போன முசியே

கிதார் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கடைக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர். பள்ளிப் பிள்ளைகள் ‘ஐயா’ என்பதைப் பிரெஞ்சில் கூப்பிட்ட ‘முசியே’ என்ற பெயரே தெரு முழுக்க நிலைத்துவிட்டது. அதனால் அவர் மனைவி எங்களுக்கு மதாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு முசியே ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கினார். அன்றோடு மதாமின் ஓய்வு முடிந்தது.

அதன் சத்தத்தைப் பெருக்க முதலில் வந்த ஆம்ப்ளிஃபயர் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றது. வால்யூம் குமிழை லேசாகத்தான் தொட்டார். கீழே எங்கள் அலமாரியிலிருந்து டம்ளர்கள் குதித்தன. கடைக்காரர் அவருடைய பழைய மாணவர் என்பதால் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தது டிபன் பாக்ஸ் அளவு. மதாம் மிக்ஸியைப் போட்டால், முசியே வாசிக்கிறாரா சொறிந்துகொள்கிறாரா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“ஒண்ணு வூடு ஆடுது, இல்ல ஒண்ணுமே கேக்கல. இந்த வாட்டியும் சரிப்படலன்னா கிதாரு கடலூர்ல என் தம்பி வூட்டுக்குப் போயிடும்” என்றார் மதாம்.

தம்பிக்கு நாலு வாண்டுகள். கிதார் ஒரு வாரம் தாங்காது. முசியேவுக்கு முகமே செத்துவிட்டது.

அன்று மாலையே என்னை ஆட்டோவில் ஏற்றினார். அவர் தோளில் கிதார். என் மடியில் மிக்ஸி, ஒரு மூடித் தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை.

கடைக்காரர் மிரண்டுபோனார். “முசியே, இது மியூசிக் கடை!”

“தெரியும்டா. நான் வாசிக்கிற நேரந்தான் அவ சட்னி அரைக்கிற நேரம். சட்னிய தாண்டிக் கேக்கணும், கீழ இவன் வூட்டுக்கு எறங்கக் கூடாது. ப்ளக் எங்க?”

நான் அரைத்தேன், அவர் வாசித்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர் மிக்ஸியிடம் தோற்றது. இன்னொன்று மிக்ஸியையே விழுங்கியது. “அடுத்தது!” என்றார் முசியே. சட்னி மையாகிவிட்டது. கிதார் கம்பி வாங்க வந்த ஒருவர் இட்லி இருக்கிறதா என்று விசாரித்தார். கடைசியில், மூலையில் கிடந்த ஒரு சின்னப் பெட்டியில் வாசித்தபோது மிக்ஸியும் கேட்டது, கிதாரும் கேட்டது. இரண்டும் சண்டை போடவில்லை.

“இதான்” என்றார்.

வீட்டில் தீர்ப்புக் கேட்க நானும் மாடியில் உட்கார்ந்தேன். சமையலறையில் மிக்ஸி ஓடியது. கூடத்தில் முசியே தொடங்கினார். வழக்கமாகத் தடுமாறும் இடத்தில் தடுமாறினார். மிக்ஸி சட்டென்று நின்றது. கிதார் கடலூருக்குப் புறப்பட்டது என்றே நினைத்தேன். முசியேவின் விரல்களும் நின்றுவிட்டன.

“ஏன் நிறுத்திட்டீங்க?” உள்ளேயிருந்து மதாம் குரல் கொடுத்தார். “நான் கேக்கறதுக்குத்தான் நிறுத்தினேன். வாசிங்க.”

இப்போது இருவரும் பிரான்ஸில் மகளோடு இருக்கிறார்கள். மாடிக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது, சத்தமே போடாத மனிதர்கள். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் நடுவில் போய் நிறுத்திவிட்டு மேலே காதை வைக்கிறேன். மனைவி திட்டுகிறாள்.

முசியே, நீங்கள் தப்பாக வாசித்ததுகூட எங்களுக்கு வேண்டியிருக்கிறது.