கட்டாதே என்ற உடும்பு

பக்கத்து வீட்டுக் கொல்லையில் சாமி இறங்கிவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது மோட்டார் சைக்கிள்கள்தான். காலையில் கதவைத் திறந்தால் சந்து முழுக்க வண்டி. என் மிளகாய்ச் செடி மேல் ஒன்று, துளசித் தொட்டி மேல் ஒன்று. இறங்கி வருகிறவர்கள் கையில் அவித்த முட்டை, சாமந்தி மாலை, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா. சாமிக்குப் பல் கூசுகிறதோ என்னவோ, குழல் இல்லாமல் கொடுத்தால் குற்றமாம்.

சாமி யார் என்கிறீர்களா? ஓர் உடும்பு. கால்வாயில் நீந்தி, குப்பையில் மேய்ந்து, என் கோழிக்குஞ்சுகளைத் தின்று கொழுத்த, ஆள் நீளத்து நீர் உடும்பு.

எங்கள் பாங்காக்கில் அதன் பெயரைச் சொல்லி ஒருத்தனைத் திட்டினால் மூக்கு உடையும். அது வீட்டுக்குள் நுழைந்தால் தரித்திரம் என்று விளக்குமாற்றை எடுப்போம். எடுக்கும்போதே, அது கோபித்துக்கொண்டு சாபம் விடக் கூடாதே என்று "தங்கமே, வெள்ளியே" என்று கொஞ்சுவோம். ஒரே நேரத்தில் கையில் விளக்குமாறும் வாயில் தங்கமும் வைத்துக்கொள்ளத் தெரிந்த எங்களுக்கு, அதைச் சாமியாக்குவது பெரிய வேலையா?

ஆக்கியவர் ஆசான் தொங்சுக். வெள்ளை உடுப்பு, கழுத்தில் கழுத்தே தெரியாத அளவுக்கு மணிமாலை, காலில் கூர்மூக்கு வைத்த வெள்ளைச் செருப்பு. புதுக் கார் வாங்கினவர்கள் வண்டியில் வெள்ளைக் களிமண் பொட்டு வைப்பதுதான் அவர் தொழில். அவர் பொட்டு வைத்த கார்கள் முட்டிக்கொள்ளாது என்பார்கள். முட்டிக்கொண்டால், பொட்டு இல்லாவிட்டால் இன்னும் பலமாக முட்டியிருக்கும் என்பார்கள். இப்படி ஒரு தொழிலில் எவனாவது நஷ்டப்பட முடியுமா?

இந்த மனிதர் எப்படி உள்ளே வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீடு லம்துவனுடையது. அவள் புருஷன் பிரசோப் ஆற்றுப் படகில் டிக்கெட் கிழித்தவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது காலும் வலது கையும் போய்விட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. குளியலறை, கழிப்பறை எல்லாம் மாடியில். மனிதருக்குக் கீழே கூடத்தில் கட்டில், கட்டிலுக்கு அடியில் வாளி. லம்துவன் அந்த வாளியைத் தூக்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாள் முழுக்கப் படகில் ஊரையே அதட்டிக்கொண்டிருந்த ஆள்.

அதற்காகத்தான் கொல்லைப் பக்கம் கீழேயே ஒரு குளியலறை கட்ட முடிவு செய்தார்கள். மேஸ்திரி சங்கொம் வந்தான். கொல்லை மூலையில், மனையைக் காக்கிற நிலச்சாமிக்கு ஒரு சின்ன மாடம். மாடத்துக்கு இந்தப் பக்கம் கடப்பாரையை இறக்கினான். மண் உள்வாங்கியது. உள்ளே வளை. வளைக்குள்ளிருந்து உடும்பு சீறிக்கொண்டு வந்தது. சங்கொம் துள்ளிய துள்ளலில் கடப்பாரை அவன் கால்விரலிலேயே விழுந்தது.

"அக்கா, இது சாதாரண விஷயம் இல்ல. நிலச்சாமியே உருவம் எடுத்து வந்துருக்கு. ஆசானைக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் நான் தோண்ட மாட்டேன்."

அவசரமாகத் தோண்டினவன் தன் விரலைத் தானே நசுக்கிக்கொண்டான். பழி உடும்பின் மேல்.

ஆசான் வந்தார். வளையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரின் காலைப் பார்த்தார். பிறகு இரண்டு தட்டு கேட்டார். ஒன்றில் 'கட்டு' என்று சீட்டு, இன்னொன்றில் 'கட்டாதே' என்று சீட்டு. இரண்டு தட்டிலும் மந்திரம் சொல்லி வெள்ளைப் பொட்டு வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். உடும்பு வெளியே வந்தது, பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இரண்டு பக்கமும் துழாவியது, ஆடி அசைந்து நேராகப் போய் 'கட்டாதே' தட்டில் மூக்கை வைத்தது.

"காவல் ஐயா மறுக்கிறார்" என்றார் ஆசான், குரலைத் தாழ்த்தி. "மீறிக் கட்டுனா இன்னொரு காலையும் எடுத்துக்குவேங்கிறார். அவர் மனசு இரங்குற வரைக்கும் ஒவ்வொரு லாட்டரிக் குலுக்கலுக்கும் முன்தினம் நானே வந்து கேட்கிறேன். நீங்க பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனான் பாவி. அன்றிலிருந்து லம்துவனுக்குச் சோறு இறங்கவில்லை.

குலுக்கலுக்கு முன்தினம் ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஊருக்கு அது கேட்காமலே புரிந்துவிட்டது. சந்து முனையில் லாட்டரிச் சீட்டு விற்கிற ஜியாப் சும்மா இருப்பாளா? காவல் ஐயா வாலை இழுத்துப் போன தடத்தில் எண் தெரிகிறது என்று ஒரு வார்த்தை விட்டாள். அவ்வளவுதான், கூட்டம் கொல்லையில் குப்புற விழுந்து மண்ணைப் படிக்க ஆரம்பித்தது. சிலர் குளியலறைக்கு வாங்கி வைத்த சிமெண்டு மூட்டை மேல் மாவு தேய்த்து எண் தேடினார்கள். மூட்டை மழையில் நனைந்து கல்லாகிவிட்டது. கல்லாகிப்போன மூட்டை இன்னும் விசேஷமாம். ஆசானின் உண்டியல் மாடத்தின் பக்கத்தில் நின்றது. முட்டை வாசனைக்குக் கால்வாயிலிருந்து மேலும் சில உடும்புகள் வந்தன. அவை காவல் ஐயாவின் குடும்பத்தார் என்று அறிவிக்கப்பட்டது.

இத்தனை பேருக்கு நடுவில், கூடத்து ஜன்னலுக்கு ஒரு போர்வையைக் கட்டிவிட்டுத்தான் லம்துவன் வாளியை எடுக்க வேண்டும். ஒருநாள் எவனோ கும்பிடுகிற வேகத்தில் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டான். அன்று பிரசோப் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, நான் நாள் பூரா இந்த ஜன்னல்லதான் கிடக்கேன். எனக்கு வேற வேலை? அந்தப் பயலைப் பாத்துக்கிட்டே இருக்கேன். பொட்டு வைக்க ஒரு டப்பாதானே வேணும்? அவன் ரெண்டு டப்பா வச்சிருக்கான்."

"ரெண்டா?"

"ஒரு தட்டுக்கு ஒண்ணு. இடுப்புத் துணிக்குள்ள கையை விட்டு மாத்துறான். மந்திரம் பலமாகிற நேரத்துல. நீங்க எல்லாம் அப்பக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

"நான் மூடல" என்றேன்.

"நீங்க உங்க மிளகாய்ச் செடியைப் பாத்துத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான்.

"லம்துவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நம்ப மாட்டா. என் கால் மேல அவளுக்கு அவ்வளவு பயம். அவ கண்ணாலயே பாக்கணும். நாளைக்கு அவன் வரும்போது என்னைக் கொல்லைப்படிக்குத் தூக்கிட்டு வந்து உக்கார வைங்க, போதும்."

மறுநாள் நானும் சங்கொமும் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்படியில் வைத்தோம். கூட்டம் வழி விட்டது. நோயாளி சாமியிடம் அழ வந்திருக்கிறார் என்று நினைத்து நாலைந்து பேர் முன்கூட்டியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆசான் செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு, சீட்டுகளைப் போட்டு, பொட்டு வைத்து முடித்தார்.

"ஆசானே, ஒரு சின்ன சந்தேகம்" என்றார் பிரசோப். "காவல் ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

கூட்டம் மூச்சை இழுத்தது. ஜியாப் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன கேள்வி இது? இந்த மண்ணுல முன்னூறு வருஷமா இருக்கறவர். அவருக்குத் தெரியாத எழுத்தா?"

"அப்ப சீட்டைப் படிச்சுட்டுத்தான் வர்றார்? தட்டைப் பாத்து இல்லையே?"

"தட்டுல என்னய்யா இருக்கு? சீட்டுதான்."

"சந்தோஷம். லம்துவன், ரெண்டு சீட்டையும் எடுத்துத் தட்டு மாத்திப் போடு."

ஆசான் சொன்ன வாயை இனி எங்கே கொண்டுபோய் வைப்பார்? லம்துவன் மாற்றிப் போட்டாள். உடும்பு வந்தது, நாக்கை நீட்டியது, வழக்கமான அதே தட்டுக்குப் போனது. அதில் இப்போது இருந்தது 'கட்டு'.

கொல்லை அதிர்ந்தது. லம்துவன் அப்படியே மண்டியிட்டு ஓவென்று அழுதாள். ஆசானும் லேசுப்பட்டவர் இல்லை. கண நேரத்தில் கையை உயர்த்திவிட்டார்.

"கருணை! கருணை! ஐயா மனசு இரங்கிட்டார்! நாளைக்கே கட்டுங்க!"

சங்கொம் கடப்பாரையைத் தேடி ஓடினான். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. எப்படியோ, குளியலறை கிடைத்துவிட்டதே. இதோடு விட்டுவிட்டால் என்ன என்றுதான் நான் நினைத்தேன்.

பிரசோப் விடவில்லை.

"சங்கொம், ஒரு முட்டையை வளைக்கிட்டப் போட்டு ஐயாவைத் திருப்பிக் கூப்பிடு. லம்துவன், சீட்டை மறுபடி மாத்து."

"வேண்டாங்க" என்று கெஞ்சினாள் அவள். "அதான் இரங்கிட்டாரே. போதுங்க. உங்க கால்…"

"இன்னிக்கு இரங்குனவர் நாளைக்கு ஓடு மாத்தும்போது கோவிச்சுக்குவார். கொய்யாக் கிளையை வெட்டுனா கோவிச்சுக்குவார். நீ ஆயுசு பூரா இந்த ஆளைக் கேட்டுக் கேட்டு மூச்சு விடுவியா? எனக்குக் கக்கூஸ் மட்டும் போதாதுடி. நீ பயமில்லாம இருக்கணும். மாத்து."

அவள் மாற்றினாள். முட்டையை விழுங்கிவிட்டு உடும்பு திரும்பி வந்தது. அதே தட்டு. இப்போது அதில் 'கட்டாதே'.

கூட்டம் ஆசானைப் பார்த்தது. ஆசான் வானத்தைப் பார்த்தார்.

"இரங்கிட்டாரா, இரங்கலையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

லம்துவன் குனிந்து அந்தத் தட்டை எடுத்தாள். முகர்ந்தாள். தினம் காலையில் மிளகாயோடு இறால் விழுது இடிக்கிறவள் அவள். அந்த நாற்றம் அவளுக்குத் தெரியாதா? இன்னொரு தட்டை முகர்ந்தாள். வெறும் களிமண்.

"இறால் விழுது" என்றாள். "களிமண்ல குழைச்சு வச்சிருக்கான்."

தட்டு கூட்டத்துக்குள் கைமாறிப் போனது. ஒவ்வொரு மூக்கும் சுருங்கியது. ஆசான் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்திலிருந்தே லம்துவன் ஒளித்து வைத்த டப்பாவைப் பிடுங்கினாள். திறந்து, விரல் நிறைய வழித்து, படியோரம் கிடந்த வெள்ளைச் செருப்பில் பூசி, அதை வளைக்கு எதிரே வீசினாள்.

"முன்னூறு வருஷமா இருக்கறவரே," என்றாள். "இந்த வீட்டைக் கெடுக்கறவன் யாருன்னு சொல்லுங்க."

காவல் ஐயா வந்தார். நாக்கை நீட்டினார். செருப்பைக் கவ்வினார். கவ்வினால் விடுகிற சாதியா அது? செருப்போடு கால்வாயில் இறங்கிப் போயே போய்விட்டார்.

முதலில் சிரித்தது பிரசோப். படகில் அதட்டுகிற காலத்துச் சிரிப்பு. பிறகு கொல்லையே சிரித்தது. ஆசான் ஒற்றைச் செருப்போடு உண்டியலை அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலில் சங்கொம் மணல் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். உண்டியலை வைத்துவிட்டுத்தான் போக முடிந்தது. நசுங்கிய விரலுக்கு அவனும் ஏதாவது செய்ய வேண்டாமா?

இதோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் ஜியாப்பின் குரல் கேட்டது.

"ஏம்மா, ஐயா கவ்வுனது எந்தக் கால் செருப்பு? அளவு என்ன? நாப்பத்திரெண்டா?"

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டில் முடிகிற சீட்டு அவள் தட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குலுக்கலில் அது வரவில்லை. உடும்பு வலது செருப்பையும் கவ்வியிருந்தால் வந்திருக்கும் என்கிறார்கள்.

குளியலறை கட்டி முடிந்தது. சுவரில் பிடித்து நடக்கக் கம்பி, வழுக்காத ஓடு, அகலக் கதவு. முதல் நாள் பிரசோப் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, தானாக உள்ளே போனார். கதவைச் சாத்தினார். வெளியே நின்ற லம்துவன் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"ஏண்டி அழற? நல்ல நாளும் அதுவுமா?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. உள்ள தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. அதான்."

அடுத்த சந்தில் ஒரு வாழைமரம் இரட்டைக் குலை தள்ளியிருக்கிறதாம். வண்டிகள் இப்போது அங்கே நிற்கின்றன. என் மிளகாய்ச் செடி பிழைத்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடிக்கிறது. முதல் நாள் கொல்லையில் ஆசான் வைத்த தட்டைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம். அதில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டு அடியெடுத்து வைத்தது உடும்பு ஒன்றுதான். நீங்கள் அதைக் கும்பிட்டது போதும், கொஞ்சம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.