கண்ணளவுக்காரர் கையில் வெடிமருந்து

'ஒண்டும் செய்யாது' என்று ஒரு மனித இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். திகதி முடிந்த தயிரை முகர்ந்து பார்த்துவிட்டு, காரில் எண்ணெய் விளக்கு எரிந்தால் அதை விரலால் தட்டிவிட்டு, ஏணி எட்டாவிட்டால் அடியில் கதிரையொன்றை வைத்துவிட்டு, எதற்கும் அந்த ஒரே மந்திரத்தைச் சொல்பவர்கள். இவர்களில் ஒருவர் கையில் வெடிமருந்து கிடைத்தால்? கிடைத்தது. செவன் ஹில்ஸில் குடியிருக்கும் சிவசோதிக்கு.

சிவசோதி பிஸ்டல் கிளப் உறுப்பினர். சுட்டு முடிந்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் வைத்துத் திரும்ப மருந்து நிரப்பி, மேலே ஈயக் குண்டை அழுத்தி ரிவால்வர் தோட்டா செய்வது அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லத் தடித்த புத்தகம் உண்டு, நிறுக்கச் சின்னத் தராசும் உண்டு. இரண்டும் உறை பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தன. குசினியில் மனைவி சஜிதா உப்பை நிறுத்தா போடுகிறாள்? அவருக்கு மட்டும் என்ன கேடு?

ஒரு கிழமை வழக்கமான குண்டு கடையில் இல்லை. பாரம் கூடியதை வாங்கி வந்தார். சனம் கூடினால் அரிசி கூடப் போடுவதில்லையா? அதே கணக்கில் மருந்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டார். அட, என்ன ஞானம்! பாரக் குண்டு அசையச் சுணங்கும், அதற்குள் அமுக்கம் ஏறி ரிவால்வரே வெடித்துப் பிளக்கலாம், ஆகவே பாரம் கூடினால் மருந்தைக் குறை என்று புத்தகம் கத்துகிறது. உறைக்குள் இருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்?

செய்ததைத் தனியே சுட்டுத் தீர்க்க அவருக்கு மனம் வருமா? பிறந்தநாள் கேக் கட்டிக் கொடுப்பதுபோல ஒரு பெட்டியில் அடுக்கி, கிளப்பில் சடகோபனிடம் நீட்டினார். சடகோபன் சென்னைக்காரர், கணினிப் பொறியாளர், சரியான சந்தேகப் பிராணி.

"குண்டு வேற மாதிரி இருக்கே. மருந்து எவ்வளவுண்ணா?"

"அளவாத்தான் போட்டனான், தம்பி. ஒண்டும் செய்யாது."

"எடை போட்டுப் பாத்தீங்களா?"

"ஏன் நிறுப்பான்? என்ரை கண் பிழைக்காது."

சடகோபன் பெட்டியைப் பணிவாகத் திருப்பி நீட்டினார். "அப்போ உங்க ரிவால்வர்ல நீங்களே முதல்ல சுடுங்க. நான் தள்ளி நின்னு பாக்கறேன்."

சிவசோதி தோட்டாவைப் பார்த்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்தார். விரல்கள் எல்லாம் அழகாக, சொன்னபடி கேட்பவையாக இருந்தன. முன்பொருநாளும் அவற்றின்மேல் இவ்வளவு பாசம் வந்ததில்லை. பயந்துதான் போனார்.

"இண்டைக்குத் தோள் கொஞ்சம் நோகுது. போயிட்டு வாறன், தம்பி."

வீட்டுக்கு வந்ததும் கராஜ் கதவைச் சாத்திவிட்டு, அந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினார். புத்தகத்தை வரி விடாமல் படித்தார். நிறுத்தார், திரும்பவும் நிறுத்தார். ஊரான் கைக்குக் கண்ணளவு போதும், தன் கைக்கென்றால் தராசு வேண்டும். இந்த இனத்தை இதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன கிழமை யாருக்கோ தைரியம் சொல்லி ஒரு யோசனை கொடுத்தீர்களே, அதை முதலில் உங்கள் உடம்பில் செய்து பார்த்துவிட்டா கொடுத்தீர்கள்?