லாடக்காரர் கட்டிய கணுக்கால்

மனிதனை நம்பாதே, குதிரையை நம்பு என்று சத்தியம் செய்யக்கூடியவர், மதராஸ் ராஜதானியிலேயே பூந்தமல்லி லாடக்காரர் ஒருவர்தான். ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். மனிதர்களின் சுளுக்கைப் பார்ப்பது, போனால் போகிறது என்று செய்கிற உபகாரம்.

அது உலகச் சண்டைக் காலம். என்னைத் தபால்காரனாகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து வேலப்பன்சாவடி வரை என்னோடு நடந்து பார்ப்பார். நடந்தால் வேலை நிரந்தரம், நொண்டினால் வீட்டுக்கு. நான் என்ன செய்தேன்? மறுநாளே வரப்பில் வழுக்கி வலது கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

மாமா என்னை மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டு லாடக்காரரிடம் கொண்டுபோனார். எனக்கு முன்னால் ஒரு குதிரை காத்திருந்தது. அதை அனுப்பிவிட்டு வந்தவர், என் நல்ல காலைப் பிடித்து அழுத்தினார். பயத்தில் "ஐயோ!" என்று அலறினேன்.

"நல்ல காலுக்கே இந்தக் கூச்சலா நைனா? குதிர பொய் சொல்லாது. நீ சொல்றே!"

அதன்பின் என் பேச்சை அவர் கேட்கவேயில்லை. வீங்கிய காலை எலும்பு எலும்பாக அழுத்தி, குதிரைக்குப் பார்ப்பதுபோல என் காது துடிக்கிறதா என்று பார்த்தார்.

"எலும்பு கெட்டியாத்தான் கீது. எலும்புங்கள இழுத்துக் கட்டிக்கினுகீற நாருதான் நைஞ்சு பூட்ச்சு."

மாமா எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். "நல்லா உருவி வுட்டா?"

"உருவுனே, உன் கைய ஒடிச்சிடுவேன் அண்ணாத்தே! நைஞ்ச நார இழுத்தா இன்னா ஆவும்? பிஞ்சு பூடும்!"

கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி, குதிரைக் காலுக்குச் சுற்றும் பட்டை, தீவனத் தொட்டியின் விளிம்பில் தூக்கி வைத்த கால். இவ்வளவுதான் வைத்தியம். அவருடைய குதிரைக் கொட்டகையிலேயே கிடந்தேன். பக்கத்துக் குதிரை என் வேட்டி நுனியைத் தின்றுவிட்டது. ஐந்தாம் நாள் வலி குறைந்ததும், வேலைக்குப் போகிறேன் என்று எழுந்தேன். மனிதர் குதிரைக் கயிற்றை என் இடுப்பில் மாட்டி முளையில் கட்டிவிட்டார்!

அடுத்த வாரம் அவரே அவிழ்த்துவிட்டு, தினமும் என்னை அந்த அடிபட்ட ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். "கண்ண மூடிக்கினு நில்லு. காலு தானா நிக்கக் கத்துக்கட்டும்." தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. என் மானம் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்தோம். குமணன்சாவடி தாண்டும்போது, பின்னால் ஒரு காலி ஜட்கா ஆமை வேகத்தில் வந்தது. ஓட்டி வந்தவர் நம்ம லாடக்காரர்! நான் நின்றால் அதுவும் நின்றது.

"யாருய்யா நீ?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"புது லாடம் சாமி. குதிர எப்பிடி நடக்குதுன்னு பாத்துகினு வரேன்."

அவர் பார்த்துக்கொண்டு வந்தது என் காலை. வேலப்பன்சாவடியில் நான் நொண்டாமல் போய்ச் சேர்ந்ததும், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலை நிரந்தரமாயிற்று. முப்பது வருஷம் நடந்தேன்; அத்தனை நடையும் அந்தப் புண்ணியவான் கொடுத்தது. அவருக்கு ஒரு தபால்கூட வந்ததில்லை. இருந்தாலும், அவர் இருந்தவரை, தினமும் அந்தக் கொட்டகைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.