ஏறாத பஸ்ஸுக்குக் காவலர்

புவனகிரியிலிருந்து கடலூர் முதுநகருக்கு ஓடும் பஸ் அடுத்த மாதத்தோடு நின்றுவிடப் போகிறதாம். டீக்கடையில் பிறந்த இந்தச் சேதி உண்மைதானா என்று விசாரிக்கப் போனால், ஊருக்கு ஊர் தழைத்து வாழும் ஓர் இனத்தை நீங்கள் சந்திக்க நேரும். அதுதான் பஸ் காவலர். பஸ்ஸுக்காக உயிரையே கொடுப்பார். டிக்கெட்டுக் காசு மட்டும் கொடுக்கமாட்டார்.

உரக்கடை கொளஞ்சியப்பன் இந்த இனத்தில் முதல் தரம். சேதியைக் கேட்டதும் கண்டக்டர் ரஃபியுதீனை மடக்கினார்.

"நெசந்தான் மாமா. நடைக்குப் பத்து டிக்கெட்டு கூட கிழியல. டீசலுக்கே கட்டலன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

கொதித்தெழுந்தார் கொளஞ்சியப்பன். இரண்டு கூட்டம் போட்டு, பஸ்தான் ஊரின் உயிர்நாடி என்று மேஜையைக் குத்திப் பேசி, இருநூற்றுப் பதினோரு கையெழுத்து வாங்கி, கையெழுத்துப் போட வராத ஆளிடமெல்லாம் கட்டைவிரல் ரேகையும் வாங்கிவிட்டார். அவர் கடலூர் போவது எப்படி? சைக்கிளில் சிதம்பரம்; அங்கிருந்து எக்ஸ்பிரஸ் பஸ். "நம்ம பஸ்ஸு ஆடு மாட்டுக்கெல்லாம் நின்னு நின்னு போவுதுப்பா!"

நிற்பதால்தான் கருவாடு விற்கும் சவரியம்மாள் பிழைக்கிறாள். அவள் கூடையை எக்ஸ்பிரஸ்காரன் கிட்டவே சேர்க்கமாட்டான். பஸ் போனால் அவள் அடுப்பும் போச்சு.

மனுவோடு முதுநகரிலிருக்கும் முதலாளியைப் பார்க்க நாலு பேர் கிளம்பினார்கள். எதில்? வாடகைப் பிளஷர் காரில்! தூது போகிறவர்களுக்குக் கௌரவம் வேண்டாமா? ஆலப்பாக்கம் தாண்டியதும் கௌரவத்தின் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. பின்னாலேயே ஆடி அசைந்து வந்தது உயிர்நாடி.

"என்னா மாமா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றான் ரஃபியுதீன்.

சவரியம்மாள் கூடையை நகர்த்தினாள். "ஒக்காருங்கய்யா. கருவாடு கடிக்காது."

"நாலு பேருக்கும் நானே!" என்று கொளஞ்சியப்பன் நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

"இதுக்குச் சில்லறை வேணும்னா பஸ்ஸத்தான் விக்கணும். அடுத்த வாட்டி ஏறும்போது குடுங்க மாமா." தன் காசில் ஒரு ரூபாய் எண்பது காசைப் பையில் போட்டு நாலு டிக்கெட் கிழித்தான் ரஃபியுதீன்.

முதலாளி மனுவைப் புரட்டக்கூட இல்லை. "எதுல வந்தீங்க?" என்றார். கொளஞ்சியப்பன் மார்பை நிமிர்த்தி நாலு டிக்கெட்டையும் மேஜைமேல் பரப்பினார்.

முதலாளிக்கு மனம் இளகிவிட்டது. "சரி, இன்னும் ஒரு மாசம் ஓட்டிப் பாக்குறேன். ஆனா நீங்கள்லாம் ஏறணும்."

"ஏறாமயா!"

வெளியே வந்தார்கள். நம்ம பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. எக்ஸ்பிரஸ் உறுமிக்கொண்டு நின்றது. எதில் திரும்பினார்கள் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள்.

ஊரில் மாலை மரியாதையெல்லாம் ஆயிற்று. இப்போது தினமும் உரக்கடை வாசலில் பஸ் நிற்கிறது. அளந்தெடுத்த சில்லறையோடு கொளஞ்சியப்பன் ஓடி வருகிறார்.

"இந்தாப்பா, ஒரு ரூவா எம்பது காசு."

"ரோட்டுல வாங்கமாட்டேன் மாமா. ஏறி வந்து குடுங்க."

"நாளைக்கு ஏறுறேன்டா மச்சான்."

சவரியம்மாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கெடு முடிய இன்னும் ஒன்பது நாள்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அந்த இருநூற்றுப் பதினோரு கையெழுத்தில் உங்களுடையது எத்தனையாவது? உங்கள் ஊர் பஸ்ஸில் கடைசியாக எப்போது ஏறினீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. ரஃபியுதீனுக்கும் அந்த ஒரு ரூபாய் எண்பது காசு இன்னும் வரவில்லை.