சாக்குக்குள் ஒரு காந்தம்

ஒரு பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அது திரும்பி வராமல் செய்யத் தெரிந்தவர் விருத்தாசலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் காந்தம். அப்பா அம்மா வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கரைத்த களிமண்ணுக்குள் காந்தத்தை விட்டு இரும்புத் தூளை இழுத்தெடுப்பது அவர் வேலை. ஒரு தூள் தப்பினாலும், சூளையில் வெந்து வரும் லட்சுமியின் வெள்ளைக் கன்னத்தில் பழுப்பு மச்சம் விழுந்துவிடும். வருடக்கணக்காக இதையே செய்ததில், உலகத்தில் நடப்பதற்கெல்லாம் காந்தமே காரணம் என்று முடிவு கட்டியிருந்தார். பக்கத்து வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்றால்கூட, "வடக்க தலை வச்சிப் படுத்திருப்பாங்க" என்பார்.

பொம்மை சுற்ற வரும் பழைய பேப்பர்தான் அவருடைய படிப்பு. அதில் ஒருநாள் ஒரு விஷயம் அகப்பட்டது. புறாவும் கடலாமையும் பூமியின் காந்தத்தை உணர்ந்து வழி கண்டுபிடிக்கின்றனவாம். குளத்தில் வாழும், பல்லி மாதிரியான ஒரு பிராணிகூட அப்படித்தான் கரையின் திசையைத் தெரிந்துகொள்கிறதாம். புறாவின் முதுகில் காந்தத்தை ஒட்டிவிட்டால், மேகமூட்டமான நாளில் அதற்கு வழி குழம்பிவிடுமாம். பூனையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"புறாவுக்கே இருக்குதுன்னா பூனைக்கு இருக்காதா தம்பி?" என்றார்.

எங்கள் ஷெட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. காந்தத்தின் டீயில் பாதி அதற்குத்தான். கொலு ஆர்டர் கழுத்தை நெரித்த சமயத்தில், அது பலகையில் காயவைத்த பொம்மைகளுக்கு நடுவே உலாவி, ஒரு சரஸ்வதியின் வீணையைத் தட்டி உடைத்தது. முதலாளி கத்தினார்.

"யோவ் காந்தம்! இங்க பூனை இருக்கணும், இல்லாட்டி நீ இருக்கணும். ரெண்டு பேரும் இருக்கக் கூடாது!"

காந்தம் பூனையைச் சாக்கில் கட்டி, தலை சுற்றட்டும் என்று நாலு சுற்று சுற்றி, மணிமுத்தாற்றுக்கு அக்கரையில் விட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது அவருடைய முக்காலியில் படுத்திருந்தது.

"பாத்தியா, மண்டையில காந்தம் இருக்குது!" என்றார், சொந்தப் பிள்ளை பாஸான பெருமையோடு.

வேலை போய்விடுமே என்ற பயத்தில், மறுநாள் சாக்குக்குள் பூனையோடு பழைய காந்தம் ஒன்றையும் போட்டுக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினார்.

"சாக்குல என்னாங்க?" என்றார் கண்டக்டர்.

"பொம்மைங்க."

சாக்கு மியாவ் என்றது.

"பேசுற பொம்மையா? அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க."

பூனை திரும்பவில்லை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். காந்தத்துக்குத்தான் டீ இறங்கவில்லை. பாதி குடித்துவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அதோட வழிய நான் அழிச்சிட்டேன் தம்பி. எந்தத் தெருவுல நின்னு முழிக்குதோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அதற்குள் பொம்மை பொதியும் வைக்கோலில் எலிகள் குடும்பம் நடத்த ஆரம்பித்தன. பெட்டியைத் திறந்த முதலாளியின் கைமேல் ஒன்று ஏறி ஓடியது.

"யோவ், அந்தப் பூனை எங்கய்யா? போய்க் கூட்டியா!"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய்விட்டு ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் காந்தம். மடியில் சாக்கு. பூனை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்ததாம். கடைக்காரர் தினமும் பாலாடை போட்டதில் நன்றாகக் கொழுத்திருந்தது. திரும்பி வரும் எண்ணமே அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, அது வழிய மறக்கல. உங்களத்தான் மறந்துடுச்சி" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் சாக்கின் வாயைக் கொஞ்சம் தளர்த்தினார். பூனை தலையை நீட்டி, களிமண் வாடை அடிக்கும் அவர் கையில் முகத்தைத் தேய்த்தது. இந்த முறை சாக்கில் காந்தம் இல்லை.

"தம்பி, கம்பெனியில அது தானா வந்துடுச்சின்னுதான் சொல்லப்போறேன். நீயும் அதையே சொல்லு. அதுக்கும் ஒரு மரியாதை இருக்குதில்ல?"

உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன். விருத்தாசலம் பக்கம் யாராவது கேட்டால், பூனை தானாகத்தான் வந்தது.